ட்ரெண்டில் தெரியாத ஹோல்டு

ஆலையில் ஹிஸ்டோரியனை, அதாவது சென்சார் அளவுகளை நேரத்தோடு சேமித்துவைக்கும் மென்பொருளை, கவனித்துக்கொள்கிற ஆளிடம் "நேற்று மதியம் இரண்டு மணிக்கு ரியாக்டர் வெப்பநிலை எவ்வளவு?" என்று யாரும் வந்து கேட்பதில்லை. "போன வாரம் ஃபெயிலான பேட்ச்சோட கிரிஸ்டலைசேஷனை மட்டும் எடுத்து, அதுக்கு முந்தைய நல்ல பேட்ச் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க" என்றுதான் கேட்கிறார்கள். இல்லையென்றால், "இந்தப் பொருளுக்கு மட்டும் ஃபில்ட்ரேஷன் சில பேட்ச்ல ஏன் இவ்வளவு இழுக்குது?" என்பார்கள். கேள்வியில் பேட்ச் எண், அதாவது ஒரு தடவையில் செய்கிற தொகுதியின் எண், இருக்கிறது, எந்தக் கட்டம் என்று இருக்கிறது, நேரம் மட்டும் இல்லை. ஹிஸ்டோரியனிடம் இருப்பதோ டேக் (பதிவாகும் ஒவ்வோர் அளவும் ஒரு டேக்) பெயர், நேரம், மதிப்பு. இந்த இரண்டையும் சேர்க்கிற வேலையை ஒவ்வொரு முறையும் ஒருவர் கையால் செய்கிறார். பேட்ச் ரெக்கார்டைப் புரட்டி, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எக்செல்லில் குறித்துக்கொண்டு, அப்புறம் அளவுகளைக் கோடாக வரைந்து காட்டும் ட்ரெண்ட் திரையில் அந்த நேரங்களைத் தட்டுகிறார்.

பேட்ச் முறையில் ஓடும் ஆலையில், கட்டுப்பாட்டு அமைப்பான டிசிஎஸ்ஸின் டேக்குகளை மட்டும் ஹிஸ்டோரியனுக்கு அனுப்பிவிட்டு, இணைப்பு வேலை முடிந்தது என்று ப்ராஜெக்ட்டை மூடக் கூடாது என்பது என் கருத்து. செய்முறையைப் படிப்படியாக ஓட்டும் மென்பொருளான பேட்ச் எஞ்சின் எழுதிவைக்கும் நிகழ்வுகளும் அதே இணைப்பில், அதே நாளில் உள்ளே வர வேண்டும். இதை நான் சொல்லும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர், "அதை செகண்ட் ஃபேஸ்ல பாத்துக்கலாம்" என்பார். அந்த இரண்டாம் கட்டம் பெரும்பாலும் வருவதே இல்லை. உரிமக் கட்டணத்தைப் பல இடங்களில் டேக் எண்ணிக்கையை வைத்துப் போடுகிறார்கள் என்பதால், பேச்சு முழுக்க எத்தனை டேக் என்பதிலேயே சுற்றி நின்றுவிடுகிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. ஹிஸ்டோரியன் என்ற மென்பொருள் வகை வளர்ந்தது தொடர் உற்பத்தி ஆலைகளில். இன்று பல ஆலைகளில் இருக்கும் பிஐ சிஸ்டத்தை உருவாக்கிய ஓஎஸ்ஐசாஃப்ட் நிறுவனம் 1980-இல் தொடங்கியபோது அதன் பெயர் ஆயில் சிஸ்டம்ஸ். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு டிஸ்டிலேஷன் கோபுரம் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். அங்கே நேரத்தைச் சொன்னாலே போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும். மருந்து மூலப்பொருள், சாயம், பெயின்ட், ரெசின் ஆலைகளில் கதை வேறு. அதே ரியாக்டரில் திங்கள்கிழமை ஒரு பொருள், வியாழக்கிழமை இன்னொரு பொருள், நடுவில் கழுவல். வெப்பநிலை டேக் ஒன்றுதான். அதில் 60 டிகிரி என்பது ஒரு நாள் வினை நடக்கிற வெப்பம், மறுநாள் கழுவுகிற சுடுநீரின் வெப்பம்.

1995-இல் வெளிவந்த, பேட்ச் கட்டுப்பாட்டுக்கான எஸ்88 தரநிலை கருவியை ஒரு பக்கமும் ரெசிபியை, அதாவது செய்முறையை, ஒரு பக்கமும் பிரித்து வைத்தது. ரெசிபிக்குள் ப்ரொசீஜர், அதற்குள் யூனிட் ப்ரொசீஜர், ஆபரேஷன், அடியில் ஃபேஸ் என்கிற சிறிய படி. ஹிஸ்டோரியனில் நாம் சேர்க்கிற டேக்குகள் ஏறக்குறைய முழுவதும் கருவிப் பக்கத்தைச் சேர்ந்தவை. தயாரிப்பு ஆட்களும் கியூஏ (தர உறுதி) ஆட்களும் கேட்கிற கேள்விகளோ ரெசிபிப் பக்கத்திலிருந்து வருகின்றன. அதே தரநிலையின் நான்காம் பகுதி, 2006-இல் வந்தது, பேட்ச் உற்பத்திப் பதிவுகளுக்காகவே எழுதப்பட்டது. ஆக, இது இன்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. தரநிலை இருக்கிறது, பேட்ச் மென்பொருளும் அதன்படியே எழுதுகிறது. எழுதியதை எடுத்துக்கொண்டு வராமல் விடுகிறோம்.

மட்டமாகப் போகும் கோடு

இந்தக் கருத்து எனக்குள் இறுகிப்போனது ஒரு கிரிஸ்டலைசேஷன், அதாவது கரைசலிலிருந்து படிகம் எடுக்கும், விஷயத்தில். சிப்காட் வளாகம் ஒன்றில் இருக்கிற மருந்து மூலப்பொருள் ஆலை அது. ஒரு பொருளில் சில பேட்ச்சுகள் மட்டும் மாவாக வந்தன. படிகம் பொடிப்பொடியாக இருந்தால் ஃபில்டர் துணியில் அடைத்துக்கொள்ளும், தாய்க்கரைசல் (படிகம் போக மிஞ்சும் கரைசல்) வடிய மணிக்கணக்கில் ஆகும், கழுவலும் சரியாக இறங்காது, அப்புறம் டிரையரில் ஈரம் போகாது. ஒரே ரெசிபி, ஒரே மூலப்பொருள் லாட், ஒரே ரியாக்டர். ஒரு பேட்ச் நன்றாக வருகிறது, அடுத்தது மாவாகிறது.

ரெசிபி சுருக்கமாக இதுதான். கரைசலைச் சூடாக்கி எல்லாம் கரைந்ததும் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிறுத்தி, விதைப் படிகத்தைச் சேர்க்க வேண்டும். இதைத்தான் ஆலையில் சீடிங் என்கிறோம். சேர்த்த பிறகு அதே வெப்பநிலையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மாதிரி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சரி என்று லேபிலிருந்து சொன்ன பிறகுதான் மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் கரைசல் ஏற்கெனவே கரைதிறன் எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். விதை உள்ளே இருந்தால் கரைபொருள் அதன் மேல் போய்ப் படியும், படிகம் பெரிதாகும். விதை இல்லாமல் நீண்ட நேரம் நிறுத்தினால் தானாகவே எண்ணற்ற சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் பிறந்துவிடும். அதற்குப் பிறகு விதை போட்டுப் பயனில்லை.

ட்ரெண்டை எடுத்துப் பார்த்தோம். நல்ல பேட்ச்சிலும் வெப்பநிலைக் கோடு இறங்கி, மட்டமாகப் போய், மறுபடி இறங்கியது. கெட்ட பேட்ச்சிலும் அதேதான். மட்டமாகப் போகும் பகுதியின் நீளம் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும், ஏனென்றால் லேப் முடிவு வரும் வரை காத்திருப்பது ரெசிபியிலேயே இருக்கிறது. நல்ல பேட்ச் சிலவற்றில் அது நீளமாகவே இருந்தது. அதனால் நீளத்தை வைத்தும் எதுவும் சொல்ல முடியவில்லை. ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டின் வெப்பநிலை, கிளறியின் வேகம், குளிர்விப்பு வேகம் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பார்த்தோம். கோடுகள் எல்லாம் ஒத்துப்போயின. மூலப்பொருளில் மாசு இருக்கலாம் என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. சப்ளையருக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு விஷயம் போனது.

விதை சேர்ப்பதற்கு எந்த சென்சாரும் கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆபரேட்டர் மேன்ஹோல் வழியாகக் கையால் சேர்க்கிறார். திரையில் "விதை சேர்க்கவும்" என்று ஒரு ப்ராம்ப்ட் வரும். சேர்த்துவிட்டு அதை உறுதிசெய்வார். ஹிஸ்டோரியனைப் பொறுத்தவரை அந்த நொடியில் ஆலையில் எதுவும் நடக்கவில்லை. எந்த டேக்கும் மாறாது.

ஆனால் பேட்ச் எஞ்சின் ஓடுகிற பேட்ச் சர்வரில் அது பதிவாகிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு நிகழ்வுக் கோப்பு உண்டு. பேட்ச் ஐடி, ரெசிபியின் பெயர், யூனிட், ஃபேஸ், எந்த நேரம், என்ன நிலையிலிருந்து என்ன நிலைக்கு மாறியது, ப்ராம்ப்ட்டுக்கு யார் என்ன பதில் கொடுத்தார் என்று வரி வரியாக இருக்கும். அந்தக் கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பேட்ச் அறிக்கை அச்சிட மட்டும் மென்பொருள் அதைப் படிக்கும். ஒரு கெட்ட பேட்ச்சின் கோப்பைத் திறந்து, விதை சேர்த்ததை உறுதிசெய்த வரியின் நேரத்தை எடுத்து, ட்ரெண்டில் அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டோம். நல்ல பேட்ச்சில் அந்தச் செங்கோடு மட்டமான பகுதியின் தொடக்கத்திலேயே நின்றது. கெட்ட பேட்ச்சில் முடிவுக்குப் பக்கத்தில் நின்றது. அதற்கு முன்னால் இன்னொரு வரி இருந்தது: ஃபேஸ் ஹோல்டு செய்யப்பட்டது (தற்காலிகமாக நிறுத்தப்பட்டது), கட்டளை கொடுத்தவர் ஆபரேட்டர்.

ஒரே மாதிரி தெரிந்த இரண்டு கோடுகளில் ஒன்று விதை போட்டுக் காத்திருந்த நேரம், மற்றது விதைக்காகக் காத்திருந்த நேரம். அந்த ஷிஃப்ட்டில் இருந்த மூத்த ஆபரேட்டரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "சீட் வரல சார். ஸ்டோர்ல ஆள் இல்லன்னு லேட்டாச்சு. அதான் ஹோல்டு போட்டேன்" என்றார். "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களாண்ணே?" என்றேன். "லாக்புக்ல எழுதியிருக்கேனே" என்றார். எழுதியிருந்தார், தமிழில், நேரத்தோடு. அவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. விதை இல்லாமல் ரெசிபியைத் தொடர விடாமல் நிறுத்தியது முறையான செயல். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ரெசிபியிலும் ஹோல்டு போட்டால் வெப்பநிலையை மறுபடி ஏற்றும்படி எழுதி வைக்கவில்லை.

அரை டிகிரி

அப்புறம் இன்னொன்று தெரியவந்தது. கரைசலில் படிகம் தானாகப் பிறக்கும்போது கொஞ்சம் வெப்பம் வெளியாகும். ரியாக்டர் வெப்பநிலை சில நிமிடங்களுக்கு ஒரு சின்ன மேடு போல ஏறி இறங்க வேண்டும். கெட்ட பேட்ச்சில் ஹோல்டு நேரத்தில் அந்த மேடு இருந்திருக்க வேண்டும். ஹிஸ்டோரியனில் கோடு வழித்துவிட்டது போல மட்டமாக இருந்தது.

காரணம் கம்ப்ரெஷன், அதாவது இடத்தை மிச்சப்படுத்தப் புள்ளிகளைக் குறைத்துச் சேமிப்பது. பல ஹிஸ்டோரியன்கள் பயன்படுத்துகிற ஸ்விங்கிங் டோர் முறை ஃபாக்ஸ்பரோ நிறுவனத்தில் இருந்த எட்கர் பிரிஸ்டல் கொடுத்தது, 1987-இல் காப்புரிமை பெற்றது. வந்த மதிப்புகள் ஒரு நேர்கோட்டிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகினால் மட்டும் புள்ளியைச் சேமிக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். வட்டில் இடம் விலை அதிகமாக இருந்த காலத்தில் இது பெரிய உதவி, இன்றும் நல்ல முறைதான். அளவை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டேக்கின் வீச்சில் 0.2 சதவீதம் என்று பொதுவாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ரியாக்டர் வெப்பநிலை டேக்கின் வீச்சு மைனஸ் 50 முதல் 200 டிகிரி வரை. அதில் 0.2 சதவீதம் என்றால் அரை டிகிரி. நாங்கள் தேடிய மேடு அதற்குள் அடங்கிப்போயிற்று. தொடர் ஆலையில் அரை டிகிரியை விட்டால் பாதகமில்லாமல் இருக்கலாம். கிரிஸ்டலைசேஷன் நடக்கும் கலனில் விஷயமே அந்த அரை டிகிரிக்குள்தான் இருக்கிறது. அந்த டேக்குக்கு கம்ப்ரெஷனை இறுக்கிய பிறகு, தாமதமான சீடிங் நடந்த ஒரு பேட்ச்சில் அந்த மேடு தெளிவாகத் தெரிந்தது. சப்ளையருக்கு எழுதிய கடிதம் அனுப்பப்படாமல் நின்றது.

நிகழ்வை எங்கிருந்து எடுப்பது

இதற்குப் பிறகு, பேட்ச் விவரங்களை ஹிஸ்டோரியனுக்குள் கொண்டுவர எல்லாருக்கும் சம்மதம். எப்படி என்பதில் வாதம் நடந்தது. டிசிஎஸ்ஸில் பேட்ச் ஐடி ஒரு டேக்காகவும், ஓடுகிற ஃபேஸ் ஒரு டேக்காகவும் இருக்கிறதே, அதையும் ஓபிசி என்ற தரவுப் பரிமாற்ற முறை வழியாக எடுத்துக்கொண்டு, ஐடி மாறும்போது புது பேட்ச் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. சுலபமான வழி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓபிசியின் டிஏ வகை இந்த நொடியில் என்ன மதிப்பு என்பதை மட்டும் சொல்லும். இணைப்பு அறுந்து மறுபடி வந்தால் நடுவில் நடந்ததெல்லாம் போனதுதான். ஐந்து விநாடிக்கு ஒரு முறை பார்க்கிற இணைப்பில் மூன்று விநாடியில் முடிந்துவிடுகிற ஃபேஸ் இருந்ததாகவே தெரியாது. பேட்ச் ஐடியும் ஃபேஸும் இரண்டு தனித்தனி டேக் என்பதால் ஒன்று முன்னே வரும், ஒன்று பின்னே வரும், முந்தைய பேட்ச்சின் கடைசி ஃபேஸ் புதிய பேட்ச்சின் கணக்கில் சேரும். ஒரே யூனிட்டில் இரண்டு ஃபேஸ் இணையாக ஓடினால் ஒரு டேக் எதைக் காட்டும்?

இதில் அடிக்கடி பார்க்கிற இன்னொரு கோளாறும் உண்டு. ஃபேஸை எண்ணாகச் சேமித்திருப்பார்கள். சூடாக்கல் 10, குளிர்வித்தல் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேக்கைப் படிநிலையாக, அதாவது அடுத்த மதிப்பு வரும் வரை பழைய மதிப்பே நீடிக்கும்படி அமைக்காவிட்டால், ஹிஸ்டோரியன் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சாய்வாகக் கோடு இழுக்கும். இடைப்பட்ட நேரத்துக்கு மதிப்பு கேட்டால் 20 என்றும் 30 என்றும் பதில் வரும். அந்த எண்களில் வேறு ஃபேஸ்கள் இருந்தால், ஓடாத ஃபேஸ் ஓடியதாக அறிக்கையில் ஏறிவிடும்.

பேட்ச் எஞ்சினின் நிகழ்வுப் பதிவையே நேராகப் படிப்பது இரண்டாவது வழி. கோப்பாகவோ தரவுத்தள (எஸ்க்யூஎல்) அட்டவணையாகவோ அது அங்கே இருக்கிறது. நெட்வொர்க் இரண்டு மணி நேரம் விழுந்தாலும் எழுந்த பிறகு விட்ட இடத்திலிருந்து படித்துக்கொள்ளலாம். பழைய பேட்ச்சுகளையும் பின்னோக்கி ஏற்றலாம். ஹோல்டு, ரீஸ்டார்ட், ப்ராம்ப்ட்டுக்கு வந்த பதில், யார் கொடுத்தது எல்லாம் ஊகம் இல்லாமல் வரும். இந்த வழிதான் எடுத்தோம். வேலை கூடுதல் என்பது உண்மை. முதல் சோதனையில் சீடிங் நிகழ்வுகள் எல்லாம் ரியாக்டர் காலியான பிறகு நடந்ததாகக் காட்டின. பேட்ச் சர்வர் இந்திய நேரத்தில் எழுதுகிறது, அதைப் படிக்கிற இன்டர்ஃபேஸ் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டது, எல்லாம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றது. ஐந்தரை மணி நேர வித்தியாசம் யார் கண்ணிலும் படும், சரிசெய்துவிடலாம். பேட்ச் சர்வருக்கும் கன்ட்ரோலருக்கும் ஓரிரு நிமிடம் வித்தியாசம் இருந்தால்தான் ஆபத்து. அப்போது விதை போடுவதற்கு முன்பே மேடு வந்ததா, பிறகு வந்ததா என்ற கேள்விக்குத் தப்பான விடை கிடைக்கும், அதை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். எல்லாக் கணினிகளையும் ஒரே நேர சர்வரோடு கட்டிய பிறகுதான் நான் அந்தத் தரவை மற்றவர்களிடம் கொடுத்தேன்.

நிகழ்வுகள் வந்ததும் ட்ரெண்ட் பார்க்கிற விதமே மாறியது. கடிகார நேரத்தை விட்டுவிட்டு, விதை சேர்த்த நொடியைப் பூஜ்ஜியமாக வைத்து எல்லா பேட்ச்சையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட முடிந்தது. பூஜ்ஜியத்துக்கு இடது பக்கம் நீண்ட மட்டக் கோடு இருந்த பேட்ச்சுகள்தான் ஃபில்டரில் இழுத்தவை. ப்ராசஸ் ஆட்கள் அதைப் பார்த்த அன்றே ரெசிபியை மாற்றப் பேசினார்கள். இப்போது விதை தயாராக இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் குளிர்விப்பே தொடங்கும்.

பேட்ச்சை பேட்ச்சோடு ஒப்பிடுவது தரத்துக்கு மட்டும் தேவைப்படுவது இல்லை. 2007 டிசம்பர் 19 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் ஆலையின் ரியாக்டர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அது அந்தப் பொருளின் 175-ஆவது பேட்ச். முதல் பத்து பேட்ச்சுகளில் மூன்றில் வெப்பம் எதிர்பாராமல் ஏறியிருந்ததையும், 42-ஆவது பேட்ச்சிலிருந்து அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்ததையும் அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. வினையின் அபாயத்தை அறியாததுதான் அங்கே அடிப்படைக் காரணம், குளிர்விப்புக்கு மாற்று ஏற்பாடு இல்லாததும் அதோடு சேர்ந்துகொண்டது. ஹிஸ்டோரியன் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் படிக்கும்போது, ஒரு பேட்ச்சின் எச்சரிக்கை அடுத்த பேட்ச்சைத் தொடங்குகிறவர் கண்ணுக்கு எளிதில் எட்ட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

ஹோல்டுக்குக் காரணம்

ஹோல்டு போடும்போது காரணம் எழுத ஒரு பெட்டி பேட்ச் மென்பொருளில் இருந்தது. நிகழ்வுகள் ஹிஸ்டோரியனுக்கு வந்த பிறகு பார்த்தால், பெட்டியில் எல்லாம் "ஓகே" என்று இருந்தது. லாக்புக்கில் அரைப் பக்கம் எழுதுகிறவர்கள்தான் இதே ஆபரேட்டர்கள். ஒருவரிடம் கேட்டேன். "இங்கிலீஷ்ல டைப் பண்ணணும்ல சார்" என்றார். தமிழில் தட்டிப் பார்த்தோம். திரையில் சரியாக வந்தது, அட்டவணையில் போய் விழுந்தது வெறும் கேள்விக்குறிகளாக. அட்டவணையின் அந்த நெடுவரிசை, தமிழ் எழுத்தையும் ஏற்கும் யூனிகோடு வகையில் அமைக்கப்படவில்லை. பேட்ச் சர்வரின் அட்டவணையை நாமாக மாற்ற முடியாது, அது சரிபார்க்கப்பட்ட அமைப்பு, மாற்றினால் கியூஏ முழுச் சோதனையும் மறுபடி கேட்கும், கேட்க வேண்டியதும்தான். அதனால் காரணத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிறு திரை செய்தோம். ஹோல்டு நிகழ்வு வந்ததும் அது திறக்கும், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், யூனிகோடு நெடுவரிசையில் சேமித்து அதே ஹோல்டு நிகழ்வோடு ஹிஸ்டோரியனில் ஒட்டிக்கொள்ளும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைக்கலாம் என்று யோசனை வந்தது, நான் எதிர்த்தேன். பட்டியல் வைத்தால் "மற்றவை" என்ற ஒன்றுதான் நிறையும். இப்போது வருகிற வரிகள் "வேக்குவம் ஏறல, பம்ப் ஆயில் மாத்தினோம்", "சாம்பிள் ரிசல்ட் லேட்", "ப்ரைன் சூடா இருக்கு" என்ற மாதிரி இருக்கின்றன. ப்ரைன், அதாவது குளிர்விக்கிற உப்புநீர், சூடாக இருக்கிறது என்று இரண்டு வேறு ஷிஃப்ட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் குளிர்விப்பு யூனிட்டில் ஒரு வால்வு பாதி மூடியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

ரியாக்டர் வரைக்கும் இதெல்லாம் சரி. டிரையரில் இன்னும் முடியவில்லை. இரண்டு ரியாக்டர் பேட்ச்சுகளை ஒரே டிரையரில் கொட்டி ஒரு லாட் ஆக்குகிறார்கள். சில நேரம் ஒரு பேட்ச்சின் மிச்சம் அடுத்த லாட்டில் சேர்கிறது. மறுசெயலுக்கு வருகிற பேட்ச்சுக்கு பழைய ஐடியின் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கையால் தட்டுகிறார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி, சிலர் நடுவில் இடைவெளி விட்டு. ஒரு லாட்டுக்கு ஒரே ஒரு தாய் பேட்ச் என்று வைத்துக் கட்டிய எங்கள் அமைப்பு இங்கே போதாது. பேட்ச்சையும் லாட்டையும் தனித்தனியாக வைத்து, நடுவில் எத்தனை கிலோ எதிலிருந்து எதற்குப் போனது என்று ஓர் இணைப்பு அட்டவணை போடுகிறேன். எடை போடுகிற தராசு இன்னும் எந்த நெட்வொர்க்கிலும் இல்லை. அதைக் கொண்டுவரும் வரைக்கும், டிரையரில் கொட்டும்போது ரியாக்டர் பேட்ச்சின் பார்கோடை ஸ்கேன் செய்து எடையைத் திரையில் தட்டும்படி ஆபரேட்டர்களிடம் கேட்டிருக்கிறோம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: கையுறையோடு தட்டுகிற மாதிரி பெரிய பட்டன். அதைத்தான் இந்த வாரம் செய்துகொண்டிருக்கிறேன்.